வடக்கே வந்த கல்லூரி

கல்லூரி என்னும் சொல் ஆங்கிலேயர் வந்தபின் நம் மொழியில் ஆக்கிக்கொண்ட சொல் என்று எண்ணுவோர் பலர். அஃது உண்மையன்று. திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணியிலேயே அச்சொல் வழங்குகின்றது. கற்கும் இடம் என்பது அதன் பொருள். கல்விக்குப் பொருட்செலவு உண்டு என்னும் எண்ணமும் அவ்வாறே பழமை வாய்ந்தது. பாண்டியன் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பாடிய பாட்டொன்று புறநானூற்றில் உளது. ஆசிரியர்க்குப் பெரும்பொருள் தந்தாயினும் கல்வியைப் பெறுக என்று அவ்வரசன் அதில் அறிவுறுத்துகின்றான். அரண்மனையில் பிறந்தவனுக்குப் பொருள் தருவதில் யாது தடை? துறைமுகத்தில் மூட்டை சுமப்பவன் மகனும், வீடுதோறும் சென்று பாத்திரம் துலக்குபவள் மகளும் அப்பொருளை எங்ஙனம் தருவர்? இவ்வினா வடசென்னையில் நெடுங்காலமாக எழுந்துகொண்டே இருக்கின்றது.

மாணவர்களே! சென்னை மாநகரின் வடபால், வியாசர்பாடிக்கு அப்பால், கொடுங்கையூர் என்னும் ஊர் உள்ளது. முன்னாளில் தனிச் சிற்றூராக இருந்து பின்னர் மாநகராட்சியோடு இணைந்த ஊர் அது. அதன் கிழக்கே தண்டையார்பேட்டையும், கடலை ஒட்டி இராயபுரமும் துறைமுகமும் உள்ளன. வடபுறத்தே மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நெருப்பு நாவை நீட்டி நிற்கின்றது. தென்புறத்தே பெரம்பூரின் இரயில் பட்டறைகள். ஊரின் ஒருபுறம் வடசென்னை முழுவதின் குப்பையும் பல்லாண்டுகளாகக் கொட்டப்பெற்றுக் குன்றென உயர்ந்த மேடு உளது. அதனை அகழ்ந்து பிரித்து நிலத்தை மீட்கும் பணி அண்மை ஆண்டுகளில் தொடங்கப்பெற்றிருக்கின்றது. உழைப்பாளர் வாழும் ஊர் என்பதனை விளக்க இதற்குமேல் வேண்டுவதில்லை. இவ்வூரில் பன்னிரண்டாம் வகுப்பைத் தேறிய இளைஞன் ஒருவன், "இனிக் கல்லூரிக்குச் செல்வதா, வேலைக்குச் செல்வதா?" என்று தன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து எண்ணும்போது, அவனை அறியாமலேயே ஒரு நீண்ட வரலாற்றின் முனையில் அமர்ந்திருக்கின்றான்.

அவ்வரலாறு ஒரு தாய்மொழிப் பண்டிதனாகிய எனக்கு வியப்பூட்டுவது. ஏனெனில், சென்னையில் இந்நாளைய கல்லூரிக் கல்வி செழித்து வளர்ந்த இடங்களுள் வடபகுதியும் ஒன்று. இன்று உயர்நீதிமன்றத்தை அடுத்துள்ள பகுதி அக்காலத்தில் கல்விச் சாலைகளின் நிலையமாக விளங்கிற்று. 1837ஆம் ஆண்டில் ஜான் ஆண்டர்சன் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் அங்கே ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து கிறித்தவக் கல்லூரி ஆயிற்று. ஐந்தாண்டு கழித்து, 1842இல், பிராட்வே என்னும் தெருவில் பச்சையப்பர் பெயரால் மற்றொரு பள்ளி தோன்றிற்று.

பச்சையப்ப முதலியாரின் அறத்தைப் பற்றிச் சிறிது விரிவாகவே கூறல் வேண்டும். தந்தையை இழந்த ஏழைக் குழந்தையாக 1754இல் பிறந்தவர் அவர். கும்பினியார் காலத்துத் துபாஷித் தொழிலால் பெருஞ்செல்வம் ஈட்டி, நாற்பது வயதில், 1794இல், காலமானார். தம் பொருளை அறங்களுக்கென எழுதி வைத்துச் சென்றார். ஆயினும், அறத்திற்கு வைத்த பொருள் அறத்தைச் சென்றடைய அரை நூற்றாண்டு சென்றது. வழக்கு மேல் வழக்காக நீதிமன்றத்தில் நடந்தது. அதற்குள் முதலோடு வட்டியும் சேர்ந்து பெருகிற்று. கோயில் அறங்களுக்கு வேண்டியது போக எஞ்சிய பொருளைக்கொண்டே பள்ளி தொடங்கப்பெற்றது. அரசினரும் பாதிரிமாரும் அல்லாமல், இந்நாட்டார் ஒருவரின் அறப்பொருளால் நடந்த பெரிய கல்விச் சாலை அது. 1850இல் அதற்கெனத் திறக்கப்பெற்ற மண்டபம், ஏதென்ஸ் நகரத்துப் பழைய கோயில் ஒன்றைப் போன்ற தூண்களோடு இன்றும் அப்பகுதியில் நிற்கக் காணலாம். 1889இல் அது கல்லூரியாக உயர்ந்தது. பொதுவறம் என்று சொன்னாலும் அது முற்றும் பொதுவாயிருந்ததா என்றால், இல்லை என்றே சொல்லல் வேண்டும். இந்துக்கள் அல்லாதார் 1947 வரையில் அங்கே சேர இயலாதிருந்தது. கதவு ஒன்றைத் திறக்கும்போதே மற்றொரு கதவை அடைத்துவைப்பது மனிதர் இயல்பு போலும்!

கட்டணம் என்பது அக்காலத்தில் எத்துணைப் பெரிய மதிலாக நின்றது என்பதனை அறிய, கணித மேதை இராமானுசனின் வாழ்வைக் காண்போம். 1904இல் அவர் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகை பெற்றுச் சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கி ஆங்கிலக் கட்டுரையில் தவறியமையால் அத்தொகை நின்றது. ஒரு பருவத்திற்குரிய கட்டணம் 32 ரூபாய். துணிக்கடையில் கணக்கெழுதிய அவர் தந்தைக்கு ஒன்றரைத் திங்கள் ஊதியம் அது. குடும்பத்தால் அதனைத் தர இயலவில்லை. அவர் வீட்டை விட்டே வெளியேறிச் சில நாள் விசாகப்பட்டினம் வரையில் சென்று திரும்பினார். 1906இல் சென்னைக்கு வந்து, மேலே சொன்ன பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் பிற பாடங்களில் தேறாமையால் பட்டம் பெறாமலே வெளிவந்தார். உலகம் போற்றிய அப்பேரறிவு, 1912 மார்ச்சு முதல் சென்னைத் துறைமுகக் கழக அலுவலகத்தில், திங்களுக்கு 30 ரூபாய் ஊதியத்தில், எழுத்தர் நாற்காலியில் அமர்ந்திருந்தது. அடுத்த ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் திங்களுக்கு 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை தந்தபின்னரே அவர் முழுநேரமும் கணிதத்தில் ஈடுபட முடிந்தது. 1914இல் அவர் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். இராமானுசன் என்பதனால் வரலாறு அவரை நினைவில் வைத்திருக்கின்றது. 32 ரூபாய் இன்மையால் திரும்பிச் சென்ற ஏனையோர் பெயர்களை எந்த ஏட்டிலும் காண்பதற்கில்லை.

இஃது இவ்வாறாக, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. கல்லூரிகள் வளர வளரக் கடற்கரை ஓரத்து நெருக்கத்தில் இடம் போதவில்லை. கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக் காட்டுப் பகுதிக்குச் சென்றது. பச்சையப்பன் கல்லூரி 1940இல் சேத்துப்பட்டுக்குச் சென்றது. இரண்டும் விரிந்த நிலமும் நிழல் மரங்களும் பெற்றுச் சிறந்தன. அவற்றைக் குறை கூறுவார் யார்? எனினும், வடசென்னையின் பக்கம் நின்று நோக்குவோமாயின், மூன்றாண்டுக் காலத்திற்குள் தன்னிடத்திருந்த இரு பெருங் கலைக்கல்லூரிகளையும் அது இழந்தது. இராயபுரத்தில் 1938 முதல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி இருந்தது உண்மையே. ஆனால் மருத்துவம் பயிலப் புகுவோர் சிலர், பி.ஏ. பயில விரும்புவோர் பலர். அவர்கள் மின்சார இரயிலேறித் தாம்பரம் செல்லல் வேண்டும். அன்றி, தென்சென்னைக் கல்லூரிகளை நாடல் வேண்டும். தொலைவும் ஒருவகைக் கட்டணமே. அதற்குப் பற்றுச்சீட்டு எழுதித் தருவார் இல்லை, அவ்வளவே வேறுபாடு.

பத்தாண்டு கழித்து, 1950இல், பழைய வண்ணாரப்பேட்டையில் சர் தியாகராயா கல்லூரி எழுந்தது. யாருடைய பெயரை அது தாங்குகின்றதோ, அந்தப் பிட்டி தியாகராயர் (1852-1925) நெசவுத் தொழிலுக்குரிய தேவாங்கர் குலத்தில் தோன்றியவர். நீதிக்கட்சியை நிறுவியோருள் ஒருவர். சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920இல், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியொன்றில் ஏழை மாணவர்க்கு நண்பகல் உணவு வழங்க ஏற்பாடு செய்தார். ஒரு மாணவனுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவிடலாம் என்பது மாநகராட்சியின் முடிவு. அவ்வோரணாவும் தடைகளுக்கு உட்பட்டு, 1925இல் நின்றுபோயிற்று. பின்னர் 1956இல் காமராசர் ஆட்சியில் அது நாடளாவிய மதிய உணவுத் திட்டமாக மீண்டும் எழுந்ததை நீங்கள் வேறு பாடத்தில் பயின்றிருப்பீர்கள். கட்டணத்தை நீக்கினால் மட்டும் போதாது, வயிற்றையும் எண்ணல் வேண்டும் என்று முதலில் கண்டவர்களுள் தியாகராயர் ஒருவர். அவர் பெயரால் அமைந்த கல்லூரி வண்ணாரப்பேட்டைக்கு மட்டுமன்றி, கும்மிடிப்பூண்டி வழித்தடத்து இரயிலில் ஏறிக் கொருக்குப்பேட்டை நிலையத்தில் இறங்கும் சிற்றூர் மாணவர்க்கும் வாய்ப்பாக அமைந்தது.

மகளிர் நிலை இன்னும் பின்தங்கியிருந்தது. சென்னையில் மகளிர்க்கென அரசினர் தொடங்கிய இராணி மேரிக் கல்லூரி 1914இல் மயிலாப்பூர்க் கடற்கரையில் தோன்றிற்று. வடசென்னைப் பெண் ஒருத்தி தன் பகுதியிலேயே மகளிர்க்குரிய அரசினர் கல்லூரியைக் காண 1964 வரையில் காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டில் தொடங்கப்பெற்றதே பிராட்வேயில் உள்ள பாரதி மகளிர் கல்லூரி. சரியாக ஐம்பது ஆண்டுகள்! பெண்ணைத் தொலைவான இடத்திற்கு அனுப்ப அஞ்சிய பெற்றோர், "பக்கத்திலேயே இருக்கின்றது, மகளிர் மட்டும் பயில்வது, போய் வரட்டும்" என்று சொல்ல இடமுண்டாயிற்று. ஒரு கல்லூரி எத்தனை பாடங்களைக் கற்பிக்கின்றது என்பதை மட்டும் எண்ணி அதன் பயனை அளந்துவிட முடியாது; அஃது எந்தத் தெருவில் நிற்கின்றது என்பதும் கணக்கில் வரல் வேண்டும்.

இனி, கொடுங்கையூர்க்கு மிக அண்மையில் உள்ள கல்லூரிக்கு வருவோம். வியாசர்பாடியில் உள்ள டாக்டர் அம்பேத்கர் அரசினர் கலைக்கல்லூரி 1973இல் நிறுவப்பெற்றது. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது. கொடுங்கையூரின் தென்பகுதியிலிருந்து புறப்படும் மாணவன், பேருந்து வாராத நாளிலும், இரண்டு நாழிகை நடந்தால் அதன் வாயிலை அடையலாம்.

அக்கல்லூரிக்கு வாய்த்த பெயர் மிகப் பொருத்தமானது. கல்விச் செலவு என்பது என்ன என்பதனை அம்பேத்கரைவிட நன்கு உணர்ந்தார் மிகச் சிலரே. பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் அவர் பயில்வதற்குப் பரோடா மன்னர் சாயாஜிராவ் திங்களுக்கு 25 ரூபாய் உதவினார். 1913இல் அவர் நியூயார்க் நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றபோதும் அம்மன்னர் திங்களுக்குப் பதினொன்றரைப் பவுன் வீதம் மூன்றாண்டுகளுக்கு உதவித்தொகை தந்தார். அங்கிருந்து இலண்டன் சென்று பயில்கையில் உதவிக்காலம் முடிந்துவிட்டது. படிப்பைப் பாதியில் விட்டு 1917இல் நாடு திரும்பினார். பம்பாயில் ஆசிரியப் பணி செய்து பணம் சேர்த்து, கோலாப்பூர் மன்னர் சாகு மகாராசரின் துணையும் பெற்று, 1920இல் மீண்டும் இலண்டன் சென்று விட்ட படிப்பைத் தொடர்ந்தார். பிற்காலத்தில் அவர் வைசிராயின் நிருவாக அவையில் இடம்பெற்றிருந்தபோது, 1944இல், பள்ளியிறுதிக்கு மேற்பட்ட படிப்புப் பயிலும் தாழ்த்தப்பட்ட மாணவர்க்கு அரசின் உதவித்தொகை தொடங்கப்பெற்றது. அது கிடைக்கப் பாடுபட்டவர் அவரே. மன்னர் ஒருவரின் மனமிரக்கத்தால் தமக்குக் கிடைத்ததை, மன்னரைக் காண வழியற்ற மாணவர்க்கும் உரிமையாகக் கிடைக்கச் செய்தார் என்று இதனை நாம் கொள்ளலாம். இன்றும் வியாசர்பாடியிலும் கொடுங்கையூரிலும் பல வீடுகளில் அவ்வுதவித்தொகையின் வழிவந்த திட்டமே கல்லூரிச் செலவுக்குத் துணையாக உள்ளது.

பொதுமக்களுக்கென ஊர்தோறும் கல்லூரி வேண்டும் என்னும் எண்ணம் நம் நாட்டில் மட்டும் தோன்றியதன்று. நியூயார்க் நகரத்து மக்கள் 1847இல் வாக்களித்து, உழைப்பாளர் பிள்ளைகள் கட்டணமின்றிப் பயில ஒரு கல்விக்கழகத்தை நிறுவினர். அதுவே வளர்ந்து நகரக் கல்லூரி ஆயிற்று. நூறாண்டுக்கு மேல் அங்கே கட்டணம் பெறாமலே கற்பித்தனர். 1976இல், நகராட்சி பணமுடையில் சிக்கியபோது, கட்டணம் புகுந்தது. ஒருமுறை பெற்ற உரிமை எந்நாளும் நம்மிடம் தங்கிவிடும் என்பதற்கில்லை. அந்நாட்டிலேயே ஜோலியட் என்னும் ஊரில் 1901இல் ஆறு மாணவர்களோடு ஓர் இளநிலைக் கல்லூரி தொடங்கிற்று. ஊரார் தம் வீட்டிலிருந்தே போய்வந்து, ஈராண்டு பயின்று, தொழிலுக்கோ மேற்படிப்புக்கோ செல்லும் அத்தகைய கல்லூரிகளைச் சமுதாயக் கல்லூரிகள் என்பர். 1947இல் குடியரசுத் தலைவர் ட்ரூமன் அமைத்த குழு அவற்றைப் பெருக்குமாறு பரிந்துரைத்தது. நமக்கு அண்மையில் உள்ள இலங்கையில் 1945 முதல், பாலர் வகுப்பு தொடங்கிப் பல்கலைக்கழகம் வரையில் இலவசக் கல்வி என்னும் முறை வந்தது.

நம் நாட்டிலும் சமுதாயக் கல்லூரி என்னும் பெயர் வழங்குகின்றது. புதுவைப் பல்கலைக்கழகம் 1995இலும், சென்னை மயிலை மறைமாவட்டம் 1996இலும் அத்தகைய நிலையங்களைத் தொடங்கின. 2013இல் பல்கலைக்கழக மானியக் குழு, முன்பே உள்ள கல்லூரிகளில் தொழிற்சான்றிதழ், பட்டயப் படிப்புகளை நடத்த ஒரு திட்டம் வகுத்தது. இங்கே அப்பெயர் பெரும்பாலும் குறுங்காலத் தொழிற்படிப்பையே குறிக்கின்றது. அமெரிக்கச் சமுதாயக் கல்லூரி அந்நாட்டு உழைப்பாளர் குடும்பத்திற்குச் செய்யும் பணியை, நம்மிடையே செய்துவருவது வியாசர்பாடியிலும் பிராட்வேயிலும் உள்ளவை போன்ற அரசினர் கலைக்கல்லூரிகளே என்பது என் கருத்து. பெயரை நோக்காது பயனை நோக்கின் இது விளங்கும்.

இனிச் செலவைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் அரசினர் கலைக்கல்லூரிகளில் இளநிலை மாணவர்க்குரிய கற்பிப்புக் கட்டணம் 2007-08ஆம் கல்வியாண்டு முதல் நீக்கப்பெற்றது. பின்னர் முதுநிலை மாணவர்க்கும் நீங்கிற்று. அரசு உதவிபெறும் கல்லூரிகளிலும், உதவி பெறும் பாடப்பிரிவுகளில் இச்சலுகை உண்டு. ஆனால் அதே கல்லூரியில், அதே கூரையின்கீழ், சுயநிதிப் பாடப்பிரிவு என்று மற்றொன்று நடைபெறும். அதற்குக் கட்டணம் உண்டு. இவ்வேறுபாட்டை அறியாது, "உதவிபெறும் கல்லூரிதானே" என்று சேர்ந்துவிட்டுப் பின்னர் வருந்துவோர் பலர். விண்ணப்பிக்கும்போதே எந்தப் பிரிவு என்று கேட்டறிதல் நலம்.

கற்பிப்புக் கட்டணம் இல்லை. எனவே செலவே இல்லை என்று கொள்ளலாமா? அவ்வாறு கொள்வது உலகியல் அறியாமையாகும். தேர்வுக் கட்டணமும் சிறுசிறு கட்டணங்களும் உள. நூல்களும் படியெடுப்பும் உள. இந்நாளில் கைப்பேசியும் அதற்குரிய இணைய வசதியும் நூலைப் போலவே இன்றியமையாதன ஆகிவிட்டன. பாடக்குறிப்பும் அறிவிப்பும் அவ்வழியே வருகின்றன. இவையனைத்தையும் கூட்டினாலும் ஒரு செலவுக்கு ஈடாகா. அது, ஈட்டாமல் விட்ட கூலி. பதினெட்டு வயது இளைஞன் லாரி ஷெட்டிலோ, சரக்குக் கிடங்கிலோ, உணவுப் பொட்டலங்களை வீடுதோறும் சேர்க்கும் பணியிலோ புகுந்தால் மறுநாளே வீட்டிற்குப் பணம் வரும். கல்லூரிக்குச் சென்றால் மூன்றாண்டுகள் வாராது. அம்மூன்றாண்டுக் கூலியே கொடுங்கையூர்க் குடும்பம் கல்லூரிக்குச் செலுத்தும் உண்மையான கட்டணம். முன்னாளில் இக்கணக்கு இத்துணைக் கடுமையாக இருந்ததில்லை. பெரம்பூர்ப் பக்கிங்காம் கர்நாடிக் ஆலையில் தந்தை உழைத்தால் மகனும் அங்கே வேலை பெறலாம் என்று நம்பியிருந்தனர். அவ்வாலை 1996இல் மூடப்பட்டது. இன்று மணலி, எண்ணூர் ஆலைகளின் நிலையான பணிகளுக்குப் பட்டமோ பட்டயமோ கேட்கின்றனர். அவையில்லாதவர்க்கு ஒப்பந்தக் கூலியே மிஞ்சுகின்றது. ஆகவே கூலியை விட்டுப் படிப்பதும் கடினம். படிப்பை விட்டுக் கூலிக்குப் போவதும் இழப்பு. இவ்விரண்டிற்கும் நடுவே நிற்பவனிடம், "படி, படி" என்று மட்டும் சொல்வது எளிய அறிவுரை.

அரசு இதற்குச் சில வழிகள் கண்டுள்ளது. 2006-07ஆம் ஆண்டு முதல் அரசினர் கலைக்கல்லூரிகளில் இரு சுழற்சி முறை வந்தது. காலைச் சுழற்சியில் பயின்றோர் நண்பகலுக்குப்பின் வீடு திரும்ப முடிந்தது; பிற்பகல் சுழற்சியில் பயின்றோர்க்குக் காலைப்பொழுது கையில் இருந்தது. ஒரே கட்டடத்தில் இன்னும் மிகுதியான மாணவர் பயில வேண்டும் என்பதே இதன் நோக்கமாக இருந்தது. ஆயினும், அரைநாள் உழைத்து அரைநாள் படிக்கும் வாய்ப்பும் இதனால் உண்டாயிற்று. விடியலில் செய்தித்தாள் போட்டும், மாலையில் கடையில் நின்றும் பட்டம் பெற்றோர் இப்பகுதியில் பலர். 2021 மே திங்கள் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லை. அரசினர் கல்லூரி மாணவர்க்கு இலவசப் பயண அட்டையும் உண்டு. 2022 செப்டம்பர் 5ஆம் நாள், மேலே சொன்ன பாரதி மகளிர் கல்லூரியிலேயே, புதுமைப் பெண் திட்டம் தொடங்கப்பெற்றது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி பெறும் மாணவியர்க்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் சேர்கின்றது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் முன்பு பெண்ணின் திருமணத்திற்குத் தந்த உதவியே, படிப்புதவியாக மாற்றப்பெற்றது என்பது எண்ணி மகிழத்தக்கது. மாணவர்க்குரிய தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. ஆயிரம் ரூபாய் ஒரு திங்கள் கூலிக்கு ஈடாகாது, உண்மையே. ஆனால் தேர்வுக் கட்டணம் கட்டுவதற்கு அயலாரிடம் கடன் கேட்டு நிற்கும் நிலையை அது தவிர்க்கும். கல்வியை இடையில் நிறுத்துவோர் பெருந்தொகை இன்மையால் மட்டும் நிறுத்துவதில்லை. உரிய நாளில் சிறுதொகை இன்மையாலும் நிறுத்துகின்றனர்.

கல்லூரியில் பயிலும் முறை பள்ளியினின்று வேறுபட்டது. அங்கே உங்களை அதட்டிப் படிக்க வைப்பார் இலர். நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் இதனைப் பற்றி ஓர் அழகிய கணக்குத் தருகின்றார். ஆசிரியர் சொல்லக் கேட்டதனால் மாணவன் பெறும் புலமை கால் பங்குதான். உடன் பயில்வாரோடு பழகி உசாவுதலால் மற்றொரு கால் பங்கு வரும். எஞ்சிய பாதி, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதனால் வரும். வகுப்பு முடிந்து மரத்தடியில் நான்கு பேர் கூடி ஐயந்தீர்க்கும் வேளை வீண் பொழுதன்று. பவணந்தியார் கணக்கில் அது ஆசிரியர் உரைக்கு நிகரானது. ஒரே அறையில் ஐவர் வாழும் கொடுங்கையூர் வீட்டில், தம்பி தங்கையர்க்குப் பாடஞ் சொல்லித் தந்துகொண்டே தானும் பயிலும் மாணவி, "தனியே படிக்க இடமில்லையே" என்று வருந்துகின்றாள். அவள் வருத்தம் நியாயமானது. வடசென்னையில் அமைதியாக அமர்ந்து படிக்கும் இடங்கள் குறைவு. சென்னையின் பெரிய நூலகங்களான கன்னிமாரா எழும்பூரிலும், அண்ணா நூற்றாண்டு நூலகம் கோட்டூர்புரத்திலும் உள்ளன. 2024 நவம்பரில் கொளத்தூர் அகரத்தில் திறக்கப்பெற்ற முதல்வர் படைப்பகம் போன்றவை இன்னும் பல தெருக்களுக்கு வரல் வேண்டும். ஆயினும், தம்பிக்குச் சொல்லித்தரும் அந்த நேரம் அவளுக்கு இழப்பன்று.

இறுதியாக, சேருவதற்கான முறையைச் சொல்லி முடிக்கின்றேன். 2020 முதல் அரசினர் கலைக்கல்லூரிகளுக்கு இணையவழியே விண்ணப்பித்து வருகின்றனர். 2024இல் விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாயும் பதிவுக் கட்டணம் 2 ரூபாயுமாக இருந்தது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் 2 ரூபாய் மட்டும் செலுத்தினர். மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் ஆகியவை கையில் இருத்தல் வேண்டும். உதவித்தொகை அனைத்திற்கும் அவையே சாவி. அவற்றைத் தேர்வு முடிவு வந்தபின் தேடி அலையாது, பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும்போதே பெற்றுக்கொள்க. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வியாசர்பாடியிலும் கொடுங்கையூரிலும் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. பல்கலைக்கழகத் தேர்வுகள் தள்ளிவைக்கப்பட்டன. வெள்ளத்தில் சான்றிதழ் இழந்த மாணவர்க்குக் கட்டணமின்றி நகல் வழங்க அரசு ஏற்பாடு செய்தது. எனவே, அவற்றை நீர் புகாத உறையிலிட்டுப் பரண்மேல் வைக்க. கட்டிலின் கீழ் இரும்புப் பெட்டியில் வைத்தல் ஆகாது.